நூலகக் கேட்டலாக்கில் சைக்கடெலிக், கேரேஜ் ராக் தொகுப்புகளைப் பிடிப்பது எப்படி?

ஃபஸ்பெட்டி:

வணக்கம். 60களின் கேரேஜ் ராக் (கரடுமுரடான ராக்), சைக்கடெலிக் (மயக்க ஒலி கலந்த ராக்) பாட்டுகளைத் திரட்டிய நகெட்ஸ் 4 சிடி பாக்ஸ் செட் நூலகத்தில் கிடைத்து, கேட்டு முடித்தாயிற்று. அதே மாதிரி 1964 முதல் 69 வரை வந்து காணாமல் போன 45களை (நிமிடத்துக்கு 45 முறை சுற்றும் சின்ன இசைத்தட்டுகளை) திரட்டிய தொகுப்புகள் அதே நூலக வலைப்பின்னலில் இன்னும் இருக்க வேண்டும். கேட்டலாக்கோ கைவிரிக்கிறது.

ஆசிரியர் கட்டத்தில் ‘வேரியஸ் ஆர்டிஸ்ட்ஸ்’ என்று போட்டால் கிறிஸ்துமஸ் பாட்டு சிடி நாலும் குழந்தைப் பாட்டு ஒன்றும் வருகின்றன. ‘கேரேஜ்’ என்றால் கார் ரிப்பேர் புத்தகம். தொகுப்பு வரிசைகளின் பெயரைப் போட்டாலும் அதே கதி: ‘பெபிள்ஸ்’ என்றால் புவியியல். ‘ரபிள்’ என்றால் பூகம்பம். ‘நகெட்ஸ்’ என்றால் கோழி வறுவல் வரைக்கும் வந்துவிட்டது.

இன்னொன்று: கேட்டலாக்கில் பெபிள்ஸ் 6ஆம் பாகம் என்று ஒரு பதிவு. அதில் இருக்கும் பட்டியலில் பிரிட்டிஷ் குழுக்கள். முன்பதிவு செய்து வந்த சிடியிலோ சிகாகோ குழுக்கள். எண் ஒன்றுதான், பெயரும் ஒன்றுதான். தவறு பதிவிலா, சிடியிலா?

தெரிந்தவர்கள் தேடும் முறையைப் படிப்படியாகச் சொல்லுங்கள். ‘நூலகரைக் கேளுங்கள்’ என்ற பதில் வேண்டாம், கேட்டாயிற்று.

---

அட்டவணைமேசை:

முதல் சிக்கல் ‘வேரியஸ் ஆர்டிஸ்ட்ஸ்’. அது கடைக்காரர்கள் வைத்த பெயர். நூலக அட்டவணை விதிகளில் அப்படி ஓர் ஆசிரியர் கிடையாது. பல குழுக்களின் பாட்டு ஒரே பொதுத் தலைப்பின் கீழ் வந்தால், பதிவு அந்தத் தலைப்பின் பேரில்தான் போகும். ஆசிரியர் கட்டம் காலி. தொகுத்தவர் பெயர் இருந்தால் கூடுதல் பெயராக ஏறும், சில சமயம் அதுவும் இருக்காது. ஆக ஆசிரியர் தேடலை மறந்துவிடுங்கள். இந்த வகைத் தொகுப்புகள் கேட்டலாக்கில் அநாதைகள்.

அவற்றைப் பிடிக்கிற இடம் பதிவின் உள்ளே இருக்கிறது. கேட்டலாக் பக்கத்தில் ‘மார்க் வியூ’ அல்லது ‘ஸ்டாஃப் வியூ’ என்று ஓர் இணைப்பு இருக்கும், பெரும்பாலும் பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில். அதைத் தட்டினால் மூன்றிலக்க எண்களோடு வரிகள் வரும், மார்க் என்பது நூலகப் பதிவுகளை எழுதும் அந்தக் கணினி வடிவம். உங்களுக்குத் தேவை ஆறே எண்கள்: 245 தலைப்பு, 028 லேபிளின் (இசைத்தட்டு நிறுவனத்தின்) வெளியீட்டு எண், 300 பொருளின் அளவும் வடிவும், 505 உள்ளடக்கம், 650 பொருள் தலைப்பு, 700 தொடர்புடைய ஆட்களின் பெயர்.

இதில் 505தான் புதையல். நகெட்ஸின் முதல் தட்டுக்கு அது ஏறக்குறைய இப்படி ஓடும்:

‘ஐ ஹேட் டூ மச் டு ட்ரீம் லாஸ்ட் நைட் (எலெக்ட்ரிக் ப்ரூன்ஸ்) -- டர்ட்டி வாட்டர் (ஸ்டாண்டெல்ஸ்) -- நைட் டைம் (ஸ்ட்ரேஞ்ச்லவ்ஸ்) -- லைஸ் (நிக்கர்பாக்கர்ஸ்) --’

பாட்டும் குழுவும் ஒரே வரியில், இடையில் இரட்டைக் கோடு. பல கேட்டலாக்குகளில் இந்த வரி ‘தலைப்பு’ தேடலில் சிக்காது, ‘கீவேர்டு’ தேடலில் மட்டும் சிக்கும். அதனால் எப்போதும் கீவேர்டில் தொடங்குங்கள், வடிவத்தை ‘மியூசிக் சிடி’ அல்லது ‘எல்பி’ (பெரிய இசைத்தட்டு) என்று சுருக்கிக்கொள்ளுங்கள். கோழி வறுவல் அங்கேயே கழன்றுவிடும்.

அடுத்தது தூண்டில். தொகுப்பின் பெயரைத் தேடாமல், தொகுப்புகளில் அடிக்கடி வரும் ஒரு குழுவையோ பாட்டையோ தேடுங்கள். இங்கே பெயர் தேர்வில்தான் பலர் வழுக்குகிறார்கள். ‘டுமாரோ’ என்ற பிரிட்டிஷ் குழுவை அந்தப் பெயரில் தேடினால் உலகத்தில் உள்ள அத்தனை ‘நாளை’யும் வரும். ‘மை ஒயிட் பைசைக்கிள்’ என்று அவர்கள் பாட்டை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். மியூசிக் மெஷின் குழுவின் பாட்டு ‘டாக் டாக்’. அதைத் தனியாகப் போட்டால் 1980களின் டாக் டாக் குழுதான் வரிசையில் வந்து நிற்கும், கூடவே ‘மியூசிக் மெஷின்’ என்றும் சேர்க்க வேண்டும். கலைடோஸ்கோப் என்ற பெயரில் 60களில் அமெரிக்காவில் ஒரு குழு, பிரிட்டனில் ஒரு குழு. நிர்வாணாவும் அப்படித்தான், 60களில் லண்டனில் ஒன்று இருந்தது. லவ், தெம், த மூவ், த ஆக்‌ஷன் எல்லாம் தூண்டிலுக்கே உதவாத பெயர்கள்.

எழுத்துக்கூட்டலும் காலை வாரும். ‘தர்ட்டீன்த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ்’ என்று ஒரு குழு: ‘13’ என்று எண்ணாகப் போட்டால் வராதது, ‘தர்ட்டீன்த்’ என்று எழுதினால் வரும். சில இடங்களில் தலைகீழ். இரண்டையும் விட்டுவிட்டு ‘ஃப்ளோர் எலிவேட்டர்ஸ்’ என்று மட்டும் போடுவது உத்தமம். சாக்லெட் வாட்ச்பேண்ட் குழுவின் பெயரை ஒட்டியும் எழுதுவார்கள், பிரித்தும் எழுதுவார்கள். கேள்விக்குறியையே பெயராகக் கொண்ட மிஸ்டீரியன்ஸ் குழு இருக்கிறதே, பல கேட்டலாக்குகளில் கேள்விக்குறி என்பது ‘இங்கே எந்த எழுத்தும் வரலாம்’ என்ற கட்டளை. அதைப் போட்டால் தேடல் திணறும். ‘மிஸ்டீரியன்ஸ்’ மட்டும் போதும். நகெட்ஸின் துணைத் தலைப்பில் உள்ள ‘ஆர்ட்டிஃபேக்ட்ஸ்’ சொல்லிலேயே வேண்டுமென்று ‘ஐ’க்குப் பதில் ‘ஒய்’ போட்டிருக்கிறார்கள், அகராதிப்படி எழுதித் தேடினால் சிக்காமல் போகலாம்.

பொருள் தலைப்பை இரண்டாவது வலையாக வைத்துக்கொள்ளுங்கள். நல்ல பதிவுகளில் ‘சைக்கடெலிக் ராக் மியூசிக்’, ‘கேரேஜ் ராக் மியூசிக்’ என்று இருக்கும். பழைய பதிவுகளில் வெறும் ‘ராக் மியூசிக் -- 1961-1970’. அந்தத் தலைப்பைத் தட்டினால் பீட்டில்ஸிலிருந்து எல்லாம் கொட்டும். அதோடு ‘கம்ப்பைல்டு’ என்றோ ‘வேரியஸ் பெர்ஃபார்மர்ஸ்’ என்றோ கீவேர்டு சேர்த்தால் பட்டியல் வடிகட்டப்படும். ஆமாம், ‘ஆர்டிஸ்ட்ஸ்’ என்று கடைக்காரர் சொல்வதை நூலகர் குறிப்பு வரியில் ‘பெர்ஃபார்மர்ஸ்’ என்று எழுதியிருக்க வாய்ப்பு அதிகம்.

எல்பி மட்டும் வேண்டுமென்றால் 300ஆம் வரிச் சொற்களைப் பயன்படுத்துங்கள்: ‘அனலாக்’, ‘12 இன்.’ சிடிக்கு ‘டிஜிட்டல்’, ‘4 3/4 இன்.’ பழைய பதிவில் ‘சவுண்ட் டிஸ்க்’ என்று இருக்கும், புதிய விதிப்படி எழுதியதில் ‘ஆடியோ டிஸ்க்’. ஒன்றை மட்டும் தேடினால் பாதி தப்பிப் போகும்.

தொகுத்தவர் பெயரும் நல்ல தூண்டில். லென்னி கே, கிரெக் ஷா, டிம் வாரன், அலெக் பலாவோ. இவர்களைக் கீவேர்டில் போட்டுப் பாருங்கள், 700இல் இல்லாவிட்டாலும் குறிப்பு வரியில் இருப்பார்கள்.

---

மோனோமட்டும்:

பெபிள்ஸ் 6 பஞ்சாயத்துக்கு வருகிறேன். சிடியும் சரி, பட்டியலும் சரி. இரண்டும் வேறு வேறு பொருள்.

பெபிள்ஸ் 1970களின் கடைசியில் கிரெக் ஷா தொடங்கிய எல்பி வரிசை. உரிமை விவகாரம் தெளிவில்லாத காலம், அட்டையில் ஆஸ்திரேலியாவில் கூக்காபரா என்று முகவரி போட்டு அனுப்பினார்கள். (நகெட்ஸ் பொற்கட்டி என்றால் நாங்கள் கூழாங்கல் என்ற குசும்புதான் பெயரில்.) 1990களில் அதே பெயரில் ஏஐபி லேபிளில் சிடி வரிசை வந்தபோது எண்களை எல்பியோடு பொருத்தவில்லை. எல்பி 6ஆம் பாகம் ‘ரூட்ஸ் ஆஃப் மாட்’, பிரிட்டிஷ் குழுக்கள். சிடி 6ஆம் பாகம் சிகாகோ, முதல் பகுதி. நூலகத்தில் யாரோ எல்பிக்கு எழுதிய பதிவை இறக்கி சிடியின் தலையில் கட்டியிருக்கிறார்கள். பெயரும் எண்ணும் ஒன்றாக இருக்கிறதே என்று நம்பிவிட்டார்கள், அவ்வளவுதான்.

இந்தச் சரக்கில் தலைப்பையும் பாக எண்ணையும் நம்பவே கூடாது. லேபிள் எண்ணை நம்புங்கள். நகெட்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள்:

1972இல் எலெக்ட்ரா வெளியிட்டது இரட்டை எல்பி, 27 பாட்டு, எண் 7இ-2006. 1976இல் சையர் லேபிள் அதையே மறுபடி போட்டது. 1984 முதல் ரைனோ லேபிள் ‘நகெட்ஸ்’ என்ற பெயரிலேயே 12 தனி எல்பிகள் போட்டது, அவற்றின் பட்டியல் வேறு. 1998இல் ரைனோவின் 4 சிடி பெட்டி, ஆர்2 75466, மொத்தம் 118 பாட்டு. இதன் முதல் சிடி 1972இன் 27 பாட்டையும் அதே வரிசையில் தருகிறது, மீதி மூன்றில் 91 புதுசு. பிறகு 2001இல் நகெட்ஸ் 2, இன்னொரு 4 சிடி, 109 பாட்டு. இது அமெரிக்காவை விட்டு வெளியே போகிறது: பிரிட்டனின் கிரியேஷன், ஸ்மோக், ஆஸ்திரேலியாவின் ஈஸிபீட்ஸ், உருகுவேயின் லாஸ் ஷேக்கர்ஸ், பிரேசிலின் ஓஸ் முட்டான்டெஸ், ஜப்பானின் மாப்ஸ். 2007இல் சான் ஃபிரான்சிஸ்கோ பெட்டி, 2009இல் லாஸ் ஏஞ்சலஸ் பெட்டி. 2005இன் ‘சில்ட்ரன் ஆஃப் நகெட்ஸ்’ உங்களுக்குத் தேவையில்லாதது, 1976க்குப் பிறகு வந்த வாரிசுகளின் தொகுப்பு. கெட்டது என்று சொல்லவில்லை, வேறு கதை.

ஃபஸ்பெட்டி, நீங்கள் முதல் பெட்டியை முடித்திருந்தால் அடுத்த நிறுத்தம் நகெட்ஸ் 2. பெரிய லேபிள் பெட்டி என்பதால் நூலகங்களில் கிடைக்க வாய்ப்பு மற்றதைவிட அதிகம். அதன் பிறகு பாதை பிரிகிறது.

சத்தமும் கரடும் பிடிக்குமென்றால் டிம் வாரனின் ‘பேக் ஃப்ரம் த கிரேவ்’. 1983 முதல் கிரிப்ட் லேபிள். மலரும் மணமும் கிடையாது, சைக்கடெலிக் என்ற வாடையே இல்லாத முரட்டு கேரேஜ். பிரிட்டிஷ் சைக்கடெலிக் என்றால் ‘ரபிள்’. ஃபில் ஸ்மீ தொகுத்து 1984இல் பாம் கரூசோ லேபிளில் தொடங்கியது, 20 பாகம். முதல் பாகத்தின் பெயர் ‘சைக்கடெலிக் ஸ்னார்ல்’, நூலகப் பதிவில் அதுதான் தலைப்பாக இருக்கும், ‘ரபிள்’ என்பது வரிசைப் பெயராக ஒதுங்கிக் கிடக்கும். வட்டார ருசி வேண்டுமென்றால் ‘ஹைஸ் இன் த மிட்-சிக்ஸ்டீஸ்’, 23 எல்பி, லாஸ் ஏஞ்சலஸ், சிகாகோ, மிச்சிகன், டெக்சஸ் என்று ஊர்வாரியாகப் பிரித்திருப்பார்கள். அதற்கு நகரப் பெயரையும் ‘மிட்-சிக்ஸ்டீஸ்’ என்பதையும் சேர்த்துத் தேடினால் தனிப் பாகங்கள் சிக்கும்.

என் கருத்தில் ஹைஸ் வரிசையில் பாதிக்கு மேல் சுமார் ரகம். ஆனால் அந்தச் சுமாருக்கு நடுவில்தான் எங்கேயும் கேட்காத ஒன்றிரண்டு கிடக்கும். இரவல் எடுத்துக் கேட்பதற்கென்றே படைத்த வரிசை.

அமெரிக்கா, பிரிட்டனைத் தாண்டிப் போக நினைத்தால் ‘லவ், பீஸ் அண்ட் பொயட்ரி’ வரிசை. லத்தீன் அமெரிக்கா, ஜப்பான், துருக்கி, பிரேசில் என்று நாட்டுக்கோ வட்டாரத்துக்கோ ஒரு பாகம். இந்தியாவிலேயே சிகரெட் கம்பெனி ஒன்று நடத்திய சிம்லா பீட் போட்டியிலிருந்து 1970, 71இல் இரண்டு எல்பி வந்தன. இரண்டும் சேர்ந்து மறுபதிப்பாகவும் வந்திருக்கிறது. ‘சிம்லா பீட்’ என்பது வேறெதிலும் சிக்காத அழகான தூண்டில், ஒரே தேடலில் இருக்கா இல்லையா தெரிந்துவிடும்.

---

சுருள்நாடா:

அட்டவணைமேசை சொன்னதற்கு ஒரு திருத்தம், திருத்தம் என்பதைவிட ஒட்டு. நூலக அட்டையில் வரும் ஸ்ட்ரீமிங் சேவைகளில் விதி தலைகீழ். ஹூப்லா மாதிரி இடங்களில் விவரம் லேபிளிலிருந்து வருகிறது, நூலகரிடமிருந்து இல்லை. அங்கே ‘வேரியஸ் ஆர்டிஸ்ட்ஸ்’ என்பதே கலைஞர் பெயர். அதைத் தட்டி, ‘சைக்’, ‘கேரேஜ்’, ‘60ஸ்’ என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்க. ஹூப்லாவில் ஒரு ஆல்பம் 7 நாள் இருக்கும், மாதத்துக்கு எத்தனை எடுக்கலாம் என்பது அந்தந்த நூலகம் வைத்த வரம்பு. ஒரு இரவல் என்றால் ஒரு ஆல்பம் கணக்கு, 10 பாட்டா 80 பாட்டா என்று பார்ப்பதில்லை. அதனால் மூணு சிடி நாலு சிடி பெட்டிகளை எடுப்பதுதான் லாபம். ஃப்ரீகல் என்ற இன்னொரு சேவை உங்கள் நூலகத்தில் இருந்தால் அது பாட்டுக் கணக்கில் வாராந்திர வரம்பு, தொகுப்பிலிருந்து பொறுக்கி எடுக்க வசதி.

ஸ்ட்ரீமிங்கில் பெரிய கண்ணி ஒன்று இருக்கு: மறுபதிவுகள். 60களில் ஒரே ஒரு ஹிட் கொடுத்த குழுக்கள் பல, இருபது முப்பது வருஷம் கழித்து அதே பாட்டைப் புதுசாகப் பாடி மலிவு லேபிளுக்குக் கொடுத்திருக்கின்றன. அட்டை அதே வண்ணக் குழப்பம், உள்ளே வேறு சரக்கு. கண்டுபிடிக்கிறது லேசு: பாட்டின் நீளம் அசல் 45இலிருந்து 10 நொடிக்கு மேல் வித்தியாசப்பட்டால் சந்தேகப்படுங்க. டிரம்ஸ் பெரிய மண்டபத்தில் அடித்த மாதிரி எதிரொலித்தால் உறுதி. லேபிள் பெயர், அசல் வெளியீட்டு வருஷம் இரண்டும் இல்லாத தொகுப்பைத் தொடாதீங்க.

---

ஃபஸ்பெட்டி:

‘மை ஒயிட் பைசைக்கிள்’ தூண்டில் உடனே வேலை செய்தது. தலைப்பில் எந்தத் துப்பும் இல்லாத மூன்று தொகுப்புகள் வந்து விழுந்தன. நன்றி.

இரண்டு சந்தேகம். ஒன்று, பெபிள்ஸ் சிடியில் டிக் டிக் என்று சத்தம், சில பாட்டில் படபடவென்று வறுக்கிற சத்தம். இது சிடி அழுக்கா, கீறலா, அசலே அப்படியா? திருப்பிக் கொடுக்கும்போது சேதம் என்று எழுதிக் கொடுக்க வேண்டுமா? இரண்டாவது, நம் வலைப்பின்னலில் இல்லாததை வேறு நூலகத்திலிருந்து வரவழைக்கும்போது மறுபடி தப்பான பதிப்பு வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

---

ஊசிமுனை:

முதல் சந்தேகத்துக்கு கைக்கடிகாரம் போதும்.

இந்தத் தொகுப்புகளில் பலவற்றுக்கு மூல நாடா கிடைக்கவில்லை. எஞ்சிய 45 ஒன்றை ஓடவிட்டு அதிலிருந்தே பதிந்தார்கள். அந்த 45இல் குறுக்குக் கீறல் இருந்தால், தட்டு ஒரு சுற்று சுற்றும்போது ஒரு டிக். நிமிடத்துக்கு 45 சுற்று என்றால் 1.33 நொடிக்கு ஒரு டிக், 15 நொடியில் 11. எல்பியிலிருந்து எடுத்திருந்தால் 1.8 நொடிக்கு ஒன்று. இந்த இடைவெளி வந்தால் அது சிடிக்குள் பதிவான சத்தம். எந்தப் பிளேயரில் போட்டாலும், எந்தப் பிரதியிலும், அதே இடத்தில் இருக்கும். வறுக்கிற சத்தமும் அப்படியே, தேய்ந்த 45இன் பள்ளங்கள்.

சிடியின் கீறல் வேறு தாளம். சிடி உள்விளிம்பில் நிமிடத்துக்கு சுமார் 500 சுற்று, வெளிவிளிம்பில் சுமார் 200. ஆக ஆரக்கால் மாதிரி குறுக்கே போகிற கீறல் நொடிக்கு மூன்று முதல் எட்டு டிக் தரும், டிடிடிடி என்று தையல் மிஷின் கணக்காக. முதல் பாட்டுகளில் வேகமாகவும் கடைசிப் பாட்டுகளில் மெதுவாகவும் கேட்கும், ஏனென்றால் சிடி உள்ளிருந்து வெளியே படிக்கப்படுகிறது. கூடவே தாவல், திக்கல். வட்டத்தை ஒட்டி ஓடும் கீறல் இன்னும் மோசம், தொடர்ச்சியாகத் தகவல் போய்விடுவதால் பிழை திருத்தும் ஏற்பாடு தோற்றுவிடும்.

துடைக்கும்போது எல்பி பழக்கத்தில் வட்டமாகத் துடைக்காதீர்கள். நடுத்துளையிலிருந்து விளிம்புக்கு நேர்க்கோடாக, மைக்ரோஃபைபர் துணியில் காய்ச்சி வடித்த நீர் சில சொட்டு. விரல் எண்ணெய் போகாவிட்டால் அதோடு கொஞ்சம் ஐசோபுரப்பைல் ஆல்கஹால். டிஷ்யூ தாள் வேண்டாம். முகம் பார்க்கும் பக்கத்துக் கீறல் 1.2 மி.மீ. பிளாஸ்டிக்கின் மேல் பட்டது, மெருகு போட்டால் தேறும். எழுத்து அச்சடித்த பக்கத்துக் கீறல் தேறாது, பிரதிபலிக்கும் அலுமினியப் படலம் அந்த அச்சுக்கு நேர் கீழே மெல்லிய அரக்குப் பூச்சுக்குள் இருக்கிறது. விளக்குக்கு நேரே பிடியுங்கள், ஊசித்துளை மாதிரி வெளிச்சம் தெரிந்தால் அந்த இடம் போச்சு.

பிரிட்டனில் அச்சான சிடி என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 1988 முதல் 93 வரை பிடிஓ ஆலையில் அச்சான ஒரு பகுதி சிடிகளில் அரக்குப் பூச்சு, உறைத்தாளில் உள்ள கந்தகத்தோடு வினைபுரிந்து பழுப்பாகிறது. நடுத்துளையைச் சுற்றி ‘மேட் இன் யு.கே. பை பிடிஓ’ என்று பொடி எழுத்தில் இருக்கும். பழுப்பு வெளிவிளிம்பில் தொடங்கி உள்ளே வரும், அதனால் கடைசிப் பாட்டுகள் முதலில் சாகும். இதற்குத் துடைப்பும் இல்லை, மெருகும் இல்லை. இந்தச் சேதத்தை மட்டும் கட்டாயம் எழுதிக் கொடுங்கள், அடுத்தவர் தலையில் பழி விழக்கூடாது.

இன்னும் ஒன்று, நூலகத் திருட்டுத்தடுப்பு ஸ்டிக்கர். வட்ட ஸ்டிக்கர் நடுவில் சரியாக ஒட்டாமல் ஓரமாகப் போயிருந்தால் வேகமாகச் சுழலும்போது சிடி அதிரும். பழைய பிளேயரில் ஓடி, கம்ப்யூட்டர் டிரைவில் மட்டும் படிக்கவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் அதுதான். பிய்த்து எடுக்கப் பார்க்காதீர்கள், படலமும் கூடவே வந்துவிடும்.

---

அட்டவணைமேசை:

இரண்டாவது சந்தேகம், நூலகங்களுக்கிடையே இரவல்.

வேர்ல்டுகேட்டில் (பல நூலகங்களின் கூட்டுக் கேட்டலாக்கில்) தேடி, சரியான பதிப்பின் பக்கத்துக்குப் போங்கள். அங்கே ‘ஓசிஎல்சி எண்’ என்று ஒன்று இருக்கும், பதிவுக்கொரு எண். கோரிக்கைப் படிவத்தில் தலைப்புக்குக் கீழே அதைக் கட்டாயம் எழுதுங்கள். குறிப்புப் பெட்டியில் இப்படி ஒரு வரி: ‘சிடி பதிப்பு மட்டும். லேபிள் ஏஐபி. எல்பியோ அதே எண்ணுள்ள வேறு பாகமோ வேண்டாம்.’ இந்த ஒரு வரி இல்லாவிட்டால் கோரிக்கையைக் கையாள்பவர் தலைப்பை மட்டும் பார்த்து முதலில் கிடைத்த நூலகத்துக்கு அனுப்பிவிடுவார், அவர் மேல் தவறு இல்லை.

அனுப்புவதற்கு முன் 505இல் ஒரு பாட்டையாவது உங்கள் பட்டியலோடு ஒப்பிடுங்கள். அந்த வரிக்கு முன்னால் ‘பார்ஷியல் கன்டென்ட்ஸ்’ என்று இருந்தால் பட்டியல் முழுமையல்ல, உங்கள் பாட்டு அதில் இல்லை என்பதால் சிடியில் இல்லை என்று ஆகாது. உள்ளூர்ப் பதிவு நோஞ்சானாக இருந்தால் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் கேட்டலாக்கில் அதே லேபிள் எண்ணைப் போட்டுப் பாருங்கள். அங்கே மார்க் வரிகளை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். போலிங் கிரீன் பல்கலைக்கழக இசை நூலகத்தின் கேட்டலாக்கும் அப்படித்தான், வெகுஜன இசைக்கு அமெரிக்காவின் மிகப் பெரிய கல்விச் சேகரங்களில் ஒன்று. தட்டு உங்களுக்கு வராவிட்டாலும் பட்டியல் வரும், பட்டியலிலிருந்து அடுத்த தூண்டில் கிடைக்கும்.

எல்பியை வெளியூர் அனுப்பப் பல நூலகங்கள் மறுக்கும், சிடிக்கே சில மறுக்கும். மறுத்தால் கோரிக்கையை மாற்றுங்கள்: தட்டுக்குப் பதில் உள்புத்தகத்தின் குறிப்பிட்ட சில பக்கங்களை ஸ்கேன் செய்து அனுப்பக் கேளுங்கள். பதிப்புரிமை வரம்புக்குள் பல நூலகங்கள் செய்யும். இந்தத் தொகுப்புகளில் பாட்டுக்கு இணையான மதிப்பு அந்தக் குறிப்புகளுக்கு உண்டு. எந்த ஊர்க் குழு, எந்த லேபிள், எந்த வருஷம் என்று பாட்டுக்குப் பாட்டு எழுதியிருப்பார்கள். அந்தச் சின்ன லேபிளின் பெயரே உங்கள் அடுத்த கீவேர்டு.

பெட்டி வந்ததும் முதல் வேலை எண்ணுவது. பதிவில் 4 டிஸ்க், 1 புத்தகம் என்று இருந்தால் நாலும் ஒன்றும் இருக்கிறதா என்று மேசையிலேயே பாருங்கள். புத்தகம் தனியாகப் பிரிந்து குறிப்புதவிப் பகுதிக்குப் போயிருக்கும், அல்லது எப்போதோ காணாமல் போயிருக்கும். அங்கேயே சொல்லாவிட்டால் உங்கள் கணக்கில் ஏறும்.

வாங்கச் சொல்லிக் கோரிக்கை வைப்பதானால் அச்சில் இருப்பதை மட்டும் கேளுங்கள். பழைய தொகுப்புகளில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஓர் உரிமையாளர், ஒப்பந்தம் காலாவதியானால் பெட்டியே சந்தையிலிருந்து போய்விடும், நூலகத்தின் வழக்கமான விநியோகஸ்தரால் தர முடியாது. கிரேப்ஃப்ரூட் லேபிளின் மூன்று சிடி பெட்டிகள் நல்ல வேட்பாளர்கள். 1967ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சைக்கடெலிக் பாட்டுகளுக்கென்றே 2016இல் வந்ததில் 80 பாட்டு. படிவத்தில் தலைப்பு, லேபிள், வெளியீட்டு எண், பார்கோடு எண் நான்கும் எழுதுங்கள். பார்கோடு இல்லாத கோரிக்கை அடியில் போய்விடும்.

---

மோனோமட்டும்:

இதோடு ஒன்று. 505 காலியாக இருந்தால் கேட்டலாகர் சோம்பேறி என்று முடிவு கட்டாதீர்கள். ‘கம்போடியன் ராக்ஸ்’ என்று 1996இல் வந்த தொகுப்பின் உறையில் பாட்டுப் பெயரும் இல்லை, பாடியவர் பெயரும் இல்லை. கம்போடியாவில் வாங்கிய கேசட்டுகளிலிருந்து எடுத்தது. சின் சிசாமுத், ரோஸ் செரேசோத்தியா என்று பெயர்கள் பிறகுதான் அடையாளம் காணப்பட்டன. அப்படிப்பட்டதைப் பாட்டுத் தூண்டிலில் பிடிக்க முடியாது. நாட்டின் பெயரும் ‘ராக் மியூசிக்’ என்ற தலைப்பும் போட்டு 650 வழியாகத்தான் போக வேண்டும். தென்கிழக்கு ஆசியா, துருக்கி, ஜாம்பியா எல்லாவற்றுக்கும் இதே வழி. பல நூலகங்களில் இவை ராக் அலமாரியிலேயே இருக்காது, ‘உலக இசை’ அலமாரியில் நாட்டுப்புறப் பாட்டுக்கு நடுவில் ஃபஸ் கிடார் (கரகரப்பு ஏற்றிய மின் கிடார்) உறங்கிக்கொண்டிருக்கும்.

---

ஃபஸ்பெட்டி:

எண்ணிப் பார்த்தேன், 15 நொடியில் 11. அப்படியானால் சிடி சுத்தம்.

பெபிள்ஸ் 6 பதிவைத் திருத்தச் சொல்லி எழுத வேண்டும். என்னென்ன கொடுக்க வேண்டும்?

---

அட்டவணைமேசை:

பிரதியின் நூலகப் பார்கோடு, முதுகுப்புறத்தில் உள்ள லேபிள் எண், சிடியின் அடிப்பக்கம் நடுத்துளையை ஒட்டிப் பொறித்திருக்கும் எண், பின்னட்டையின் தெளிவான படம். ‘பதிவு தவறு’ என்று எழுதாமல் ‘இந்தப் பிரதி எல்பியின் பதிவோடு இணைக்கப்பட்டிருக்கிறது, சிடிக்குத் தனிப் பதிவு இருக்கிறது’ என்று எழுதி, சிடியின் ஓசிஎல்சி எண்ணையும் சேர்த்துவிடுங்கள். பிரதியை ஒரு பதிவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது ஐந்து நிமிட வேலை. எந்தப் பதிவுக்கு மாற்ற வேண்டும் என்று தேடுவதில்தான் இது மாதக்கணக்கில் கிடப்பில் கிடக்கும்.